கைநீட்டம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. நீட்டுகிற கையில் காசு போடக் கூடாது. நாமும் யாரிடமும் கை நீட்டக் கூடாது. அப்பா போட்ட சட்டம். கோயிலில்கூட உண்டியலில் போடுவாரே தவிர தட்டில் போட மாட்டார். தட்டை ஒரு ஆள் நீட்டுகிறார் அல்லவா, அதனால்.

அப்பாவும் அம்மாவும் திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பூ விற்றார்கள். கடை என்று சொல்ல முடியாது. பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடை. அதன் முன்னால் நடைபாதையில் இரண்டு சாக்கு விரிக்கிற இடம். விடியும் முன்னால் தோவாளைப் பூ வந்து இறங்கும். அம்மா கட்டுவாள். அப்பா கூவுவார்.

நான் அதுவரை ஊரில் பெரியம்மா வீட்டில் இருந்து படித்தேன். நாங்குநேரிப் பக்கம். எனக்கு ஒன்பது வயது முடிந்த வருஷம் பள்ளிக்கூடம் அடைத்ததும் என்னை இங்கே கூட்டி வந்துவிட்டார்கள். தொண்ணூற்றைந்து, அல்லது அதற்கு அடுத்த வருஷம். மலையாளம் ஒரு சொல் தெரியாது. கரமனையில் ஒற்றை அறை வாடகைக்கு. அங்கே தனியாக இருக்க முடியாது என்று தினமும் என்னையும் பூவோடு பூவாகக் கொண்டுபோனார்கள்.

முதல் நாளே அவரைப் பார்த்தேன். துணிக்கடையின் இரும்பு ஷட்டரை ஒட்டிப் படுத்திருந்தார். வெள்ளைத் தாடி. ஒரு துணி மூட்டை. ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையை மேலிருந்து கீழ்வரை கயிறு சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். அதைத்தான் தலைக்கு வைத்திருந்தார். நாங்கள் வந்ததும் எழுந்து மூட்டையையும் குடையையும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அவர் படுத்த இடத்தில் எங்கள் சாக்கு விரிந்தது. நான் அதில் உட்கார்ந்தேன். தரையில் அவர் சூடு இருந்தது.

அவருக்கு வீடு கிடையாது. பெயரும் யாருக்கும் தெரியாது. நான் குடைமாமா என்று வைத்துக்கொண்டேன்.

குடைமாமா யாரிடமும் கேட்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். கோயிலுக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், அவர் முன்னால் விரித்த துண்டில் போட்டுவிட்டுப் போவார்கள். அம்மா காலையில் இட்லி கொடுப்பாள். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. சோறு கொடுக்கலாம், காசு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் குடித்துத் தீர்ப்பான் என்பார் அப்பா. அவர் குடித்து அம்மா பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. பார்க்காததும் அப்பாவுக்கு ஒரு சாட்சிதான். நாம் போன பிறகு குடிப்பான் என்பார்.

எதிரே சாயாக் கடையில் அம்மாவின் தம்பி வேலைக்கு நின்றார். என் தாய்மாமா. அப்பாவைச் சீண்டுவது அவருக்குச் சம்பளத்தோடு சேர்ந்த வேலை. ஒருநாள் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:

“அத்தான் காலையிலேருந்து பிச்சி பிச்சின்னு கூவுதாரு. அந்த மனுசன் வாயே தொறக்கல. ரெண்டு பேருல யாரு கேக்கா?”

அம்மா பூவைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அப்பா பிச்சிப் பூவைக் கூவுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் முல்லையை மட்டும் கூவினார்.

ஒருநாள் சாயங்காலம் மழை கொட்டியது. கோடை மழை. நாங்கள் பூக்கூடைகளோடு ஷட்டரில் ஒட்டிக்கொண்டோம். குடைமாமா நடைபாதை ஓரத்தில் நனைந்தார். அப்போதும் குடையை விரிக்கவில்லை. சட்டைக்குள்ளே வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். குடையை அவர் மழைக்கு மறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். உள்ளே கிழிந்திருக்கும். கம்பி உடைந்திருக்கும். ஒரு புதுக் குடை வாங்க அவரிடம் காசு இல்லை.

மறுநாள் ஒரு அம்மாள் பூ வாங்கிவிட்டு, மிட்டாய் வாங்கிக்கோ என்று என் கையில் ஒரு ரூபாய் வைத்தாள். அப்பா கூவுகிற மும்முரத்தில் இருந்தார். நான் நேரே போய் அதைக் குடைமாமாவின் துண்டில் போட்டேன். குடை வாங்க என்று சொன்னேன். அவருக்குத் தமிழ் புரிந்ததா தெரியாது. என்னைப் பார்த்தார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். குனிந்து துண்டில் கிடந்த அந்த ஒரு ரூபாயை எடுத்தார். மற்றக் காசுகளில் விரல் படாமல் எடுத்தார். கொண்டுபோய்ப் பூக்காசுப் பெட்டியில் போட்டார்.

குடைமாமா அப்பாவைப் பார்க்கவில்லை. துண்டை மடித்தார். மூட்டையை எடுத்தார். ரோட்டைக் கடந்து எதிரே பஸ் நிழற்குடையின் கீழே போய் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் எங்கள் இடம் காலியாகக் கிடந்தது. தரை சில்லென்று இருந்தது.

அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். வியாபாரத்துக்கு வேண்டியதை என்னிடம் சொல்வாள். நான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அப்பா அவளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பார். அவள் சொல்வது அவருக்குக் கேட்கும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் அசைவார். குடைமாமா இல்லாத இடத்தில் இப்போது தெருநாய் படுத்தது. அப்பா தினமும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்.

அம்மா என்னிடம் சொன்னாள்: “ஒங்கப்பாட்ட சொல்லு. நாயி படுத்தா படுத்துட்டு மட்டும் போவாது. மனுசன்னா சும்மா படுத்துட்டுப் போவான்.”

நான் சொன்னேன். அப்பா துடைப்பத்தால் கொஞ்சம் பலமாகத் தேய்த்தார்.

இப்படி இருக்கும்போது விஷு வந்தது. எங்களுக்கும் அதுதான் சித்திரை வருஷப் பிறப்பு. வீட்டுக்கார சேச்சி வாசலில் என்னைப் பிடித்து, “விஷுவிந்நு மோள்க்கு கைநீட்டம் தராம் கேட்டோ” என்றாள்.

எனக்குக் கைநீட்டம் தருவாளாம். நான் பயந்துவிட்டேன். எங்கள் ஊரில் கை நீட்டுவது என்றால் இரண்டுதான். ஒன்று அடிப்பது. இன்னொன்று பிச்சை எடுப்பது. இந்த அம்மாள் என்னை எதற்காக அடிக்க வேண்டும். தாய்மாமாவிடம் போய்க் கேட்டேன்.

“இங்க மூணாவது ஒண்ணு உண்டு மக்ளே” என்றார்.

கையில் சாயா ஆற்றிக்கொண்டே சொன்னார். விஷு அன்று காலையில் கண்ணை மூடிக்கொண்டே எழ வேண்டும். முதல் பார்வை நல்லதில் விழ வேண்டும். கொன்றைப் பூ, கனிந்த வெள்ளரி, கண்ணாடி, இப்படி. அதுதான் கணி. பிறகு மூத்தவர்கள் இளையவர்கள் கையில் காசு வைப்பார்கள். அதுதான் கைநீட்டம். வாங்கினால் அந்த வருஷம் முழுக்கக் கை நிறையும். வெட்கப்படக் கூடாது, நீட்டணும். இதையெல்லாம் நடுநடுவே வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சொன்னார். என் தலைக்குள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. கண் திறந்ததும் யார் முகம் முதலில் தெரிகிறதோ அவரிடம் கை நீட்ட வேண்டும். அவர் காசு தருவார். அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். வருஷா வருஷம் சேச்சி கைநீட்டம் கொடுக்க வரும்போது அப்பா இருமிக்கொண்டே வெளியே போய்விடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

விஷுவுக்கு முந்தின நாள் ஊரே கொன்றைப் பூ வாங்கும். மஞ்சள் பூ, சரம் சரமாகத் தொங்குவது. வீடு போக நேரமில்லை. அம்மா என்னைப் பூக்கூடைகளுக்குப் பின்னால் ஷட்டர் ஓரமாகச் சாக்கில் படுக்க வைத்தாள். எதிரே பஸ் நிழற்குடை முழுக்க மூட்டை முடிச்சோடு ஆட்கள். குடைமாமாவுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ரோட்டைக் கடந்து வந்தார். எங்களைப் பார்க்காமல் தன் பழைய இடத்தில் சுருண்டுகொண்டார். அப்பா பார்த்தார். அன்று இருந்த கூட்டத்தில் விரட்ட நேரம் இல்லை.

காலையில் விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. கணி நினைவு இருந்தது. கொன்றைப் பூ இருக்கிற பக்கம் திரும்பித் திறந்தால் பூவும் தெரியும், பூவுக்குப் பின்னால் அம்மா முகமும் தெரியும் என்று கணக்குப் போட்டேன். பூ வாசனையை வைத்துத் திரும்பினேன். திறந்தேன்.

கறுப்புக் குடை. அதற்கு மேலே வெள்ளைத் தாடி.

தப்பாகத் திரும்பிவிட்டேன். ஆனால் கண் திறந்தாயிற்று. முறை முறைதான். எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினேன்.

“கைநீட்டம்” என்றேன்.

குடைமாமா அசையவில்லை. பக்கத்தில் சுமைதூக்குகிறவர்கள் நீலச் சட்டையில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சிரித்தார். “கொள்ளாம். பிச்சக்காரன்டெ அடுத்து பிச்சையோ” என்றார். பிச்சைக்காரனிடமே பிச்சையா என்று கேலி. எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவின் கையில் நார் நின்றது. அப்பா வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

எனக்கு அப்பா முகம் தெரிந்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். தாய்மாமா வெட்கப்படக் கூடாது என்று சொல்லியிருந்தார். இழுக்கவில்லை.

குடைமாமா என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நில்லு மோளே” என்றார். அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

குடையை மடியில் கிடத்தினார். கயிற்றின் முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். குடையைச் சரித்து லேசாகத் தட்டினார். துணி மடிப்புக்குள்ளிருந்து ஒரு ரூபாய்க் காசு உருண்டு வந்தது. அதோடு இன்னும் சில. குடை முழுக்கக் காசு. அவர் துண்டில் விழுந்ததெல்லாம் அதற்குள்தான் போயிருந்தது. குடித்துத் தீரவில்லை.

தாய்மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அது பெரிய காரியம்.

குடைமாமா அந்தக் காசை எடுத்து அப்பாவின் வாளியில் முக்கிக் கழுவினார். வாளி அப்பாவின் கையிலேயே இருந்தது. அம்மா ஒரு கொன்றைக் கொத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு பூவைக் கிள்ளி, காசோடு சேர்த்து என் கையில் வைத்தார். தலையில் கை வைத்து, நல்லா இருப்பாய் என்கிற மாதிரி, “நன்னாயி வரும்” என்றார்.

நான் கையை மூடிக்கொண்டேன்.

அப்போது அந்த நீலச் சட்டைக்காரர், சிரித்தாரே, அவர் கிளாஸைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். குடைமாமாவின் முன்னால் வந்து குனிந்து கையை நீட்டினார். விளையாட்டுக்கு வந்தார் என்றுதான் நினைத்தோம். முகத்தில் விளையாட்டு இல்லை. குடைமாமா அவருக்கும் கழுவிக் கொடுத்தார், பூவோடு. அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். சாயாக் கடையில் நின்ற கண்டக்டர் வந்தார். போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பூ வாங்க வந்த பெண்கள் பூவை மறந்து வரிசையில் நின்றார்கள். குடைமாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார். ஒவ்வொருவருக்கும் நன்னாயி வரும் என்றார். போலீஸ்காரருக்கு மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வரிசையின் தலையில் நான் நின்றேன். இது என்னால் நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன்.

தாய்மாமா வந்து வாங்கினார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி வாங்கினாள். அப்பா மட்டும் வாளியோடு நின்றார்.

“அத்தான், மூத்தவங்ககிட்ட வாங்குறதுக்கு இங்க பிச்சைன்னு பேரு இல்ல” என்றார் தாய்மாமா. இந்தத் தடவை சீண்டலாகச் சொல்லவில்லை.

அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

“வயசு என்னவிடக் கூடுதல்தான்” என்றார். யாரிடமும் சொல்லவில்லை. சட்டத்திடம் சொன்னார் போல.

போய்க் குனிந்து கையை நீட்டினார். பழக்கமில்லாத கை. மழை விழுகிறதா என்று பார்ப்பவர் போல அரைகுறையாக விரித்திருந்தார்.

குடைமாமா குடையைத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. தலைகீழாகப் பிடித்து உதறினார். விரலை விட்டுத் துழாவினார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“தீர்ந்நு” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கை அப்படியே இருந்தது. அவர் அதை இழுத்துக்கொண்டிருக்கலாம். இனி யாரும் குற்றம் சொல்ல முடியாது. கேட்டார், இல்லை, அவ்வளவுதான். ஆனால் இழுக்கவில்லை. காது மடல் சிவந்துபோய் நின்றார். குடைமாமாவின் முகமும் வாடிப்போயிற்று. இவ்வளவு நேரம் ராஜா மாதிரி இருந்தவர்.

என் கைக்குள் என் காசு வெதுவெதுப்பாக இருந்தது.

நான் அதைக் குடைமாமாவின் கையில் வைத்தேன். எல்லோரும் பார்க்க வைத்தேன். அப்பா பார்க்க வைத்தேன். போன தடவை குனிந்து எடுத்த அதே அப்பா. இந்தத் தடவை அவர் எடுக்கவில்லை. எடுக்க முடியாது. கை நீட்டிக்கொண்டல்லவா இருந்தார்.

குடைமாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காசை மறுபடியும் கழுவினார். பூவைக் கிள்ளினார். அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார். தலையில் கை வைத்தார்.

“நன்னாயி வரும்” என்றார்.

அப்பா நிமிர்ந்தார். சுற்றிப் பார்த்தார். ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருப்பார். பழக்கத்தில், “பிச்சி, பிச்சி” என்று கூவினார். நீலச் சட்டைக்காரர்கள் கைதட்டினார்கள். போலீஸ்காரர்கூடத் தட்டினார். ஒரு பஸ் டிரைவர் என்ன ஏது என்று தெரியாமலே ஹாரன் அடித்தார்.

“நல்லா கூவுங்க, ஆளு வருது” என்றாள் அம்மா. என் வழியாகச் சொல்லவில்லை. நேராகச் சொன்னாள்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பாவிடம் என் காசைக் கேட்டேன். தரவில்லை. பூக்காசுப் பெட்டியிலும் போடவில்லை. வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். அது என்னுடையது என்று அழுதேன். அது தனக்குக் கிடைத்தது என்றார். அம்மா பூவைக் கட்டிக்கொண்டே, இனி அந்த மனுஷனுக்குக் காசு கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டாள்.

“வாங்கியாச்சுல்லா” என்றார் அப்பா. “இனி குடுக்கலாம்.”

அன்று சாயங்காலம் மழை வந்தது. குடைமாமா எழுந்து நின்றார். கயிறு இல்லாத குடையை மேலே தூக்கி ஒரு தள்ளுத் தள்ளினார். விரிந்தது. கிழிசல் இல்லை. ஒரு கம்பிகூட உடையவில்லை. கறுகறுவென்று புதுக் குடை மாதிரி இருந்தது. எங்கள் பூக்கூடைகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே புகுந்துகொண்டேன். நான் வாங்கிக் கொடுக்க நினைத்த குடை கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது அவர் எங்கள் இடத்தில் படுத்திருந்தார். எழுந்து தள்ளி உட்கார்ந்தார். தரை சூடாக இருந்தது. அப்பா சாக்கை விரித்தார். பெட்டியைத் திறந்து சில்லறை எடுத்தார். போய் அவர் கையில் கொடுத்தார். துண்டில் போடவில்லை. கையில் கொடுத்தார்.

குடைமாமா அதைக் குடைக்குள் போடவில்லை. எழுந்து ரோட்டைக் கடந்து சாயாக் கடைக்குப் போனார். அத்தனை காசையும் தொடாமல் வைத்திருந்த மனிதர், இந்தக் காசைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து இரண்டு சாயா வாங்கினார். ஒன்றை அப்பாவிடம் நீட்டினார். அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஷட்டரில் சாய்ந்து குடித்தார்கள்.

கொடுத்த காசில் பாதியைச் சாயாவாகத் திரும்ப வாங்கிக் குடித்துவிட்டார், அப்பா கெட்டிக்காரர் என்றுதான் நான் நினைத்தேன்.